புல்லுக்குக் கீழே: மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் எதைச் சோதிப்பது?

திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் நிலக்கரி எடுத்து முடித்து, குழியை நிரப்பி, சரிவுகளைச் சீராக்கி, விதை தூவி இரண்டு மழைக்காலம் போய்விட்டால் அந்த இடம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வெடிவைத்துப் பிளந்த பாறையும் கரித்தூளும் கிடந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். அங்கே அரசின் ஆய்வாளர் வருகிறார். சுரங்கம் நடத்திய நிறுவனம் நிலத்தை மீட்டுக் கொடுத்துவிட்டதா, அது கட்டிவைத்த பிணைத்தொகையைத் திருப்பித் தரலாமா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். விடையை அவர் பெரும்பாலும் கண்ணால்தான் தேடுகிறார். சட்டமும் அவரை அப்படித்தான் தேடச் சொல்கிறது. நிலமீட்புக்குக் காட்டப்படும் சான்றுகளிலேயே எளிதாக உருவாக்கக்கூடியது பசுமை. அதனாலேயே அதற்குக் கொடுக்கும் எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். சோதனை மண்ணின் இறுக்கத்திலும் நீரிலும் தொடங்க வேண்டும். தீங்கு எவ்வளவு காலம் நீடிக்குமோ அவ்வளவு காலம் பிணைத்தொகையும் அரசின் கையில் இருக்க வேண்டும். காரணம் எளியது. ஆய்வாளர் எதை அளக்கிறாரோ அதைத்தான் நிறுவனம் வளர்க்கும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் 1977க்குப் பிறகு நடந்தது இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுகிறது.

அந்த மலைகளில் சோதனை என்பதே ஒரு பேரழிவின் பின்னணியில் வலுப்பெற்றது. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுண்டியில், பஃபலோ கிரீக் என்ற ஓடையின் தலைப்பில் நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பியிருந்த அணை உடைந்தது. கரிய கழிவுநீர் பள்ளத்தாக்கு முழுவதும் பாய்ந்து 125 பேரைக் கொன்றது. 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் மத்திய அரசின் ஆய்வாளர் அந்த அணையைத் திருப்திகரம் என்று குறித்திருந்தார். ஆய்வாளர் வராததால் நேர்ந்த அழிவு அல்ல அது. வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நேர்ந்தது. மலையைக் குடைந்தும் வெட்டியும் எடுத்துவிட்டு அப்படியே போட்டுச் செல்லும் வழக்கத்துக்கு எதிராக அப்பலாச்சிய மக்கள் எழுப்பிய குரல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இந்தச் சாவுகள் அதற்கு மறுக்க முடியாத வேகத்தைத் தந்தன. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு இருமுறை தடுத்த சட்ட வரைவு, 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கையெழுத்தில் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் மீட்புச் சட்டம் ஆனது.

இந்தச் சட்டம் உலகின் கடுமையான சுரங்கச் சட்டங்களில் ஒன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டிய மலையை ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கே திருப்ப வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்திருந்து திரும்பப் பரப்ப வேண்டும். நிலையான தாவரப் போர்வையை உருவாக்க வேண்டும். நடப்பிலுள்ள ஒவ்வொரு சுரங்கத்துக்கும் சராசரியாக மாதம் ஒருமுறை பகுதிச் சோதனை, காலாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை, அதுவும் முன்னறிவிப்பின்றி. குடிமகன் ஒருவர் கொடுத்த தகவலின் பேரில் மத்திய ஆய்வாளர் சோதனைக்குச் சென்றால், தகவல் கொடுத்தவருக்கும் உடன்செல்லும் உரிமை உண்டு. பிணைத்தொகை மூன்று கட்டங்களில் விடுவிக்கப்படுகிறது. குழி நிரப்பி, நிலம் சீராக்கி, வடிகால் அமைத்ததும் அறுபது சதவீதம் வரை; தாவரம் பிடித்ததும் இன்னொரு பகுதி; பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதி. அந்தப் பொறுப்புக் காலம் மழை அதிகமுள்ள பகுதிகளில் ஐந்து ஆண்டு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள வறண்ட பகுதிகளில் பத்து ஆண்டு. தாவரப் போர்வை போதுமா என்பதற்குப் புள்ளியியல் சோதனையும் விதிக்கப்பட்டது: நிர்ணயித்த தரத்தில் தொண்ணூறு சதவீதத்தை எட்டியிருப்பதைத் தொண்ணூறு சதவீத நம்பகத்தன்மையோடு காட்ட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் அலட்சியமாக எழுதவில்லை. அப்படியிருந்தும் விளைவு வேறாயிற்று.

தரையின் மீது எவ்வளவு பரப்பைத் தாவரம் மூடியிருக்கிறது என்பது ஆய்வாளரின் தாளில் முதன்மையான எண் ஆனதும், அந்த எண்ணை வேகமாகவும் மலிவாகவும் தரக்கூடிய செடிகளை நிறுவனங்கள் தேடின. கென்டக்கி-31 என்ற டால் ஃபெஸ்கியூ புல்லும், கிழக்காசியாவிலிருந்து வந்த செரிசியா லெஸ்பெடீசாவும் மலைமலையாக விதைக்கப்பட்டன. இரண்டும் கெட்ட மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். சரிவில் மண்ணரிப்பைத் தடுக்கும். ஓரிரு ஆண்டில் தரையை மூடிவிடும். கூடவே இன்னொன்றும் நடந்தது. சட்டத்துக்கு முன்பு மலைச்சரிவில் தள்ளிவிட்ட கழிவு மண் சரிந்து வீடுகளையும் ஓடைகளையும் மூடிய நினைவு எல்லோருக்கும் இருந்தது. ஆகவே நிலத்தை உறுதியாக்குவது என்றால் நன்றாக இறுக்குவது என்று நிறுவனமும் ஆய்வாளரும் சேர்ந்தே புரிந்துகொண்டார்கள். புல்டோசர்கள் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கி மேற்பரப்பை மழமழவென்று ஆக்கின. மேடு பள்ளமில்லாத, புல் மூடிய சரிவே சிறந்த நிலமீட்பு என்ற அழகுணர்வு ஒன்று உருவாயிற்று. சோதனைக் குறிப்புகள் அதற்குப் பரிசளித்தன.

வேர் இந்த அழகை ஏற்றுக்கொள்ளவில்லை. காட்டு மண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை பொதுவாக ஒரு கிராமுக்குச் சற்று மேலே நிற்கும்; அது 1.6 கிராமைத் தாண்டத் தொடங்கினால், மண்ணின் தன்மையைப் பொறுத்து, பெரும்பாலான மரங்களின் வேர் உள்ளே போகத் திணறும். கனரக வாகனங்கள் இறுக்கிய சுரங்க நிலங்கள் அந்த எல்லையைச் சாதாரணமாகக் கடந்தன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடியது. புல்லுக்குச் சில அங்குல மண் போதும் என்பதால் அது செழித்தது. ஓக், ஹிக்கரி, டியூலிப் பாப்லர் போன்ற மரங்களின் கன்றுகளோ ஒளிக்கும் ஈரத்துக்கும் அந்தப் புல்லோடு போட்டியிட்டுத் தோற்றன. அடர்ந்த புல்லில் பெருகிய எலிகளும் அவற்றைக் கடித்தன. உலகின் மிதவெப்பக் காடுகளில் பல்லுயிர் வளம் மிகுந்தவற்றுள் ஒன்று இருந்த இடத்தில், பல லட்சம் ஹெக்டேருக்கு, காடாகவும் ஆகாத, மேய்ச்சலுக்கும் பயன்படாத புதர் நிலம் உருவானது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஸிப்பரும் அவருடைய சகாக்களும் 2011இல் எழுதிய கட்டுரையில் இதை மறைக்காமல் சொன்னார்கள்: ஒழுங்குமுறைக் கொள்கைகளே ஊக்குவித்த மீட்பு முறைகள்தான் காடு திரும்பாததற்குக் காரணம். தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய செய்தியாக இராது. சீமைக்கருவேலம் மூடிய கண்மாயைத் தொலைவிலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

இதில் வலிக்கிற முரண் ஒன்று உண்டு. சட்டம் வருவதற்கு முன்பு, கழிவு மண்ணைத் தளர்வாகக் குவித்துவிட்டு அதன்மேல் கையால் மரக்கன்று நட்டுப் போன பழைய இடங்கள் சிலவற்றை அறிவியலாளர்கள் பின்னாளில் அளந்தார்கள். 2002இல் வெளியான அத்தகைய ஆய்வு ஒன்று, அந்த இடங்களில் பலவற்றில் மரங்களின் வளர்ச்சி பக்கத்திலிருந்த இயற்கைக் காட்டுக்கு இணையாகவோ அதைவிட மேலாகவோ இருந்ததைக் காட்டியது. இதைக் கொண்டு சட்டமே வேண்டாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அது தவறான முடிவு. அந்தக் காலத்தில் சரிந்த மலைகளையும் அமிலமான ஓடைகளையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சரியான முடிவு வேறு. தளர்வான, போதிய ஆழமுள்ள மண் கிடைத்தால் காடு திரும்பும். அதைத் தடுத்தது சட்டம் இருந்ததல்ல, சட்டத்தின் அளவுகோல் தரைமட்டத்தோடு நின்றது. இதை உணர்ந்தே 2004இல் மத்திய, மாநில ஒழுங்குமுறை அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அப்பலாச்சிய மறுகாடாக்க முயற்சியைத் தொடங்கின. குறைந்தது நான்கு அடி ஆழத்துக்கு வேர் பரவத் தக்க மண், அதன் மேல் இறுக்காத தளர்வான பரப்பு, மரத்தோடு போட்டியிடாத குட்டைத் தாவரம், முன்னோடி மரங்களும் நீண்டகால மரங்களும் கலந்த நடவு, சரியான நடவு முறை ஆகியவை அதன் ஐந்து கூறுகள். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. எதை நல்ல மீட்பு என்று மதிப்பது என்ற ஆய்வாளரின் பார்வை மாறியது. சரிவுகளில் மரங்கள் எழுந்தன. ஏற்கனவே இறுகிப்போன பழைய இடங்களில் இன்று புல்டோசரின் பின்னால் நீண்ட இரும்புக் கொழுவைக் கட்டி நிலத்தைக் கிழித்துவிட்டு மரம் நடுகிறார்கள். இறுக்குவதற்கு ஒருமுறை, இளக்குவதற்கு ஒருமுறை என்று ஒரே நிலத்துக்கு இருமுறை செலவு.

மண்ணையாவது மண்வெட்டியால் தோண்டிப் பார்த்துவிடலாம். நீரின் கதை இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அது காலம் தாழ்த்தி வருகிறது. நிலக்கரிப் படிவங்களோடு பைரைட் என்ற இரும்புச் சல்ஃபைடு கலந்திருக்கும். பூமிக்குள் புதைந்திருக்கும்வரை அது வாளாவிருக்கும்; வெட்டியெடுத்துக் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். அமிலத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் இந்த வேதிவினையைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். அமில நீர் வேறு பாறைகளிலிருந்து அலுமினியத்தையும் மாங்கனீசையும் இழுத்துக்கொண்டு ஓடையில் கலக்கும். அங்கே இரும்பு செம்மஞ்சள் சேறாகப் படிந்து மீன் முட்டையிடும் கூழாங்கல் பரப்பை மூடும். சுண்ணாம்புப் பாறை போதுமான அளவு கலந்திருந்தால் அமிலம் நடுநிலையாகும். ஆனால் அப்போதும் நீரில் சல்ஃபேட்டும் பிற உப்புகளும் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மின்கடத்துத்திறனை அளக்க வேண்டும். மத்திய அப்பலாச்சியாவின் ஓடைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமன்ஸ் என்ற அளவை எல்லையாகக் குறித்தது. அதற்கு மேலே போனால் மேஃபிளை போன்ற நுண்ணுணர்வுள்ள நீர்ப்பூச்சிகள் மறையத் தொடங்கும். கழிவுப் பாறை கொட்டி மூடிய பள்ளத்தாக்குகளின் கீழே ஓடும் நீரில் இந்த அளவு சாதாரணமாகவே பல மடங்கு இருக்கும், மேலே புல் எவ்வளவு செழித்திருந்தாலும்.

ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இன்னொரு கோணத்தைக் காட்டுகின்றன. அங்கே பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே சுரங்கம் வெட்டினார்கள். இறைப்பதை நிறுத்தியதும் நீர் மெல்ல மெல்லத் தன் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது. ஏறும் வழியில் தளர்வாகக் கொட்டிய மணல் மேடுகளை நனைக்கிறது. 2009 ஜூலை 18 அன்று நாக்டெர்ஷ்டெட் என்ற சிற்றூரில், சுரங்கக் குழியை நிரப்பி உருவாகிக்கொண்டிருந்த ஏரிக்குள் கரையும் அதன் மேலிருந்த வீடும் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அடியிலிருந்த நிலத்தடி நீரடுக்கின் அழுத்தத்துக்கு அதில் முக்கியப் பங்கு இருந்ததாகப் பின்வந்த நிபுணர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு அக்டோபரில் லௌசிட்ஸ் பகுதியின் ஷ்ப்ரேடால் அருகே, மீட்கப்பட்டு மரம் வளர்ந்திருந்த பெரும்பரப்பு சில கணங்களில் கூழாகி இறங்கியது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மீட்பு நிலத்துக்குள் யாரும் போகக்கூடாது என்று தடைபோட வேண்டிவந்தது. ஷ்ப்ரே ஆறு இரும்புச் சேற்றால் பழுப்பேறியது. அதில் கலக்கும் சல்ஃபேட்டு கீழ்நிலத்திலுள்ள பெர்லினின் குடிநீருக்குக் கவலையாக இருக்கிறது. இந்த மேடுகளில் நட்ட பைன் மரங்களை யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் கணக்கு சரியாகவே வந்திருக்கும்.

வேல்ஸில் இதே பாடம் மிகக் கொடிய விலைக்குக் கிடைத்தது. 1966 அக்டோபர் 21 அன்று அபர்ஃபான் பள்ளியின் மேல் சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேரைக் கொன்ற கழிவு மேடு, நீரூற்றின் மேல் கொட்டப்பட்டிருந்தது; அந்த ஊற்று வரைபடங்களில் குறிக்கப்பட்டே இருந்தது. 1969இல் வந்த சட்டம் பெரும்பாலும் நடப்பிலிருந்த மேடுகளின் பாதுகாப்பைப் பற்றியே பேசியது. சுரங்கங்கள் மூடப்பட்டுக் கைவிடப்பட்ட மேடுகளைத் தவறாமல் சோதிக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மேடு சரிந்த பிறகே, வேல்ஸில் இப்படி 2,500க்கும் மேற்பட்ட மேடுகள் இருப்பது கணக்கெடுக்கப்பட்டது. அவற்றைக் கண்காணிக்கும் தனிச் சட்டம் 2025இல்தான் வந்தது.

நீரின் தீங்கு பத்தாண்டுகளிலும் நூற்றாண்டுகளிலும் நடக்கிறது. பிணைத்தொகையின் பொறுப்புக் காலமோ ஐந்து அல்லது பத்து ஆண்டு. இந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? அமெரிக்கச் சட்டத்தின் பிணைத்தொகைப் பிரிவு, தொகையை விடுவிக்கும் முன் நீர் மாசு நடக்கிறதா, அது தொடர வாய்ப்புண்டா, அதைத் தடுக்க எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடச் சொல்கிறது. ஆக, கேள்வி தாளில் இருக்கிறது. ஆனால் தொகையைத் தொடக்கத்தில் கணக்கிடும்போது மண் வேலைக்கும் விதைக்கும் ஆகும் செலவே பெரிதும் கணக்கில் வருகிறது. காலமெல்லாம் நீரைச் சுத்திகரிக்கும் செலவு அதில் அடங்குவதில்லை. நிறுவனம் திவாலானால் பிணைத்தொகை பறிமுதலாகும், சுரங்கம் அரசின் தலையில் விழும். மேற்கு வர்ஜீனியாவில் அப்படிப் பறிமுதலான சுரங்கங்களிலிருந்து வெளியேறும் அமில நீருக்கு மாநில அரசே நீர்மாசு அனுமதி பெற்றாக வேண்டும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. நிலக்கரி யாருக்கு விற்றதோ, யார் இலாபம் எடுத்தார்களோ, எல்லோரும் போன பிறகு வரிகட்டுவோர் மிஞ்சினார்கள். சில மாநிலங்களில் பெரிய நிறுவனங்கள் உண்மையான பிணை எதுவும் கட்டாமல், தம் நிதிநிலை வலுவானது என்ற சொல்லையே பிணையாகத் தரவும் அனுமதி இருந்தது. 2015 ஆகஸ்டுக்கும் 2016 ஏப்ரலுக்கும் இடையில் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி என்ற மூன்று பெரும் நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவால் பாதுகாப்பு கோரியபோது அந்தச் சொல்லின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தியாவுக்கு வருவோம். நிலக்கரி அமைச்சகம் 2009இல் வெளியிட்டு 2013இல் திருத்திய சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள் ஒரு முக்கியமான முன்னேற்றம். 2009 ஆகஸ்ட் விலையில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, நிறுவனம் ஆண்டுதோறும் எஸ்க்ரோ என்ற கட்டுப்பாட்டு வைப்புக் கணக்கில் போட வேண்டும் என்று அவை விதித்தன. படிப்படியான மூடல் வேலைகளைச் செய்து காட்டினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, வட்டியோடு சேர்ந்த தொகையில் எண்பது சதவீதம் வரை திரும்பப் பெற முடிந்தது. மீதி இறுதி மூடலின்போது. ஒரே வகைச் சுரங்கம் எல்லாவற்றுக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகை என்பதில்தான் பழைய பிழை மறைந்திருந்தது. பைரைட் மிகுந்த வடகிழக்கு நிலக்கரிக்கும் கந்தகம் குறைந்த தாமோதர் பள்ளத்தாக்கு நிலக்கரிக்கும் நீரின் வருங்காலம் ஒன்றல்ல; பரப்பளவை வைத்துப் பார்க்கும் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. கண்காணிப்புக்குச் செயற்கைக்கோள் பயன்படுகிறது. கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ராஞ்சியின் மத்தியச் சுரங்கத் திட்டமிடல் மற்றும் வடிவமைப்பு நிறுவனம், ஆண்டுக்கு ஐம்பது லட்சம் கன மீட்டருக்கு மேல் நிலக்கரியும் அதன் மேலுள்ள மேற்சுமை மண்ணும் எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கங்களை ஆண்டுதோறும், சிறியவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை, படங்களின் வழியே மதிப்பிடுகிறது. குழி நிரப்பிய பரப்பு எவ்வளவு, மரம் நட்ட பரப்பு எவ்வளவு என்பது அதில் துல்லியமாகத் தெரியும். அந்த மரம் யூகலிப்டஸா, அகேசியாவா, சாலமா, வேர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, அடியில் ஓடும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது வானத்திலிருந்து தெரியாது. உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று, சுரங்கம் முடிந்த நிலத்தில் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரமும் விலங்கும் வாழத் தக்க நிலைக்கு அதைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது. அந்த ஆணையின் பிற்பகுதியே அதன் உயிர். சோதனை முற்பகுதியோடு நின்றுவிட்டால் அப்பலாச்சியாவின் ஃபெஸ்கியூ மலைகளை நாம் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் உருவாக்கி முடிப்போம்.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம் நடைமுறை பற்றியது. பசுமையை எண்ணால் அளக்கலாம், நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். மண்ணும் நீரும் சிக்கலானவை, ஆய்வாளர்களோ குறைவு என்கிறார்கள். இதற்கான விடை அதே அமெரிக்கச் சட்டத்துக்குள் இருக்கிறது. முதல்தர விளைநிலத்தில் சுரங்கம் வெட்டினால், குறைந்தது 48 அங்குல ஆழத்துக்கு மண்ணைத் திரும்ப அமைத்து, மூன்று பயிராண்டுகளின் சராசரி விளைச்சல் சுரங்கம் படாத அண்டை நிலத்துக்கு இணையாக வந்ததைக் காட்டிய பிறகே மீதிப் பிணைத்தொகை விடுபடும். மக்காச்சோளம் விளைந்த இல்லினாய், இண்டியானா வயல்களுக்கு ஆழத்தை அளக்கத் தெரிந்த சட்டம், ஏழைகள் வாழும் மலைக்காட்டுக்குப் போர்வையை மட்டும் அளந்தது. அளக்க முடியாமை அல்ல அது. யாருடைய நிலம் மதிப்புள்ளது என்ற தீர்ப்பு. கருவிகளும் அரியவை அல்ல. மண்ணின் எதிர்ப்பைக் காட்டும் ஊடுருவுமானி, ஒரு மீட்டர் குழி தோண்ட மண்வெட்டி, நம் ஊர்களில் குடிநீர் விற்பவரிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரின் குடும்பத்தைச் சேர்ந்த மின்கடத்துத்திறன் அளவி ஆகியவை ஒரு பையில் அடங்கும். காலத்தைத் தேர்ந்தெடுப்பது இவற்றைவிடவும் மலிவானது. பருவமழை முடிந்த கார்த்திகையில் எந்த மண்மேடும் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரை வைகாசியில் போனால் எந்தச் செடிக்கு வேர் ஆழம் கிடைத்திருக்கிறது என்பது தெரியும். முதல் கனமழை பெய்த இரண்டு நாளில் வடிகாலின் நீரை எடுத்தால் கோடை முழுதும் பாறையில் சேர்ந்த உப்பு தெரியும். ஒரே இடத்துக்கு இந்த இரு சோதனைகளையும் கட்டாயமாக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் பணம் பற்றியது. காலவரையற்ற பொறுப்பை எந்த நிறுவனமும் தாங்காது. தொகை திரும்பாது என்று தெரிந்தால் மீட்பு வேலையையே செய்யமாட்டார்கள் என்பது அது. இதில் பாதி உண்மை. ஆகவே தொகையைப் பிரிக்க வேண்டும். மண் வேலைக்கும் நடவுக்கும் உரிய பகுதியைச் சோதனை முடிந்ததும் தயங்காமல் விடுவிக்கலாம். நீருக்குரிய பகுதி மட்டும் தனி நிதியாக, அதன் வட்டியிலிருந்தே சுத்திகரிப்பு நடக்கும்படி நிற்க வேண்டும். இது கற்பனை அல்ல. பென்சில்வேனியாவில் சுரங்க நீரைச் சுத்திகரிப்பதற்கென்றே அறக்கட்டளை நிதிகள் இயங்குகின்றன. ஜெர்மனியின் ரூர் பகுதியில், பல இடங்களில் நிலமே மீட்டர் கணக்கில் தாழ்ந்துவிட்டதால், நீரை இறைப்பதை எக்காலத்திலும் நிறுத்த முடியாது. அதற்காகவே 2007இல் ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளை நிறுவப்பட்டது. நாட்டின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான பாட்ரோப்பின் புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடியது; அடுத்த ஆண்டு முதல் அந்தச் செலவை அறக்கட்டளை ஏற்றது. நிலக்கரி விற்கும் காலத்திலேயே அந்தப் பணத்தை ஒதுக்க முடியும் என்பதற்கு அது சான்று. விற்று முடித்த பிறகு தேடினால் நிறுவனம் இருக்காது.

இயற்கை தானே ஆற்றிக்கொள்ளும் என்ற மூன்றாவது வாதத்துக்கு அந்தப் பழைய மரக்காடுகளே துணை நிற்பதாகத் தோன்றும். மண் தளர்வாக இருந்த இடத்தில் இயற்கை உண்மையிலேயே வியக்கத்தக்க வேகத்தில் திரும்பியது. அமில நீர் கசியும் குகைவாயிலில் அது திரும்பவில்லை. இறுக்கிய சரிவில் முப்பது ஆண்டுக்குப் பிறகும் அதே ஃபெஸ்கியூதான் நிற்கிறது. எங்கே ஆறும், எங்கே ஆறாது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் ஆய்வாளர் வேண்டும். நான்காவது வாதம் நம் நாட்டுக்குரியது, நான் மிகவும் மதிக்கும் ஒன்று: நிலமிழந்தவர்கள் காத்திருக்கிறார்கள், சோதனையைக் கடுமையாக்கினால் நிலம் திரும்ப இன்னும் தாமதமாகும். தாமதத்துக்கு எதிரான கோபம் நியாயமானது. ஆனால் நெல்லோ நிலக்கடலையோ விளையாத மண்ணை, உவர்ப்பேறிய கிணற்றோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால், சுரங்கத்தின் கடன் விவசாயியின் பெயருக்கு மாறுகிறது. அவரால் எந்த நீதிமன்றத்திலும் அதைத் திரும்ப மாற்ற முடியாது, ஏனென்றால் மூடல் சான்றிதழில் ஏற்கனவே கையெழுத்தாகியிருக்கும். பயிராண்டு விளைச்சலை அளவுகோலாக்கி, அந்தப் பயிரை நிலத்துக்குரியவரே நிறுவனத்தின் செலவில் செய்து பார்க்க விட்டால், காத்திருக்கும் காலமும் வருமானக் காலமாகும்.

இது நெய்வேலிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கடலூர் மாவட்டத்தின் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஆர்ட்டீசியன் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் நீரை இறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் உடையாமல் இருக்கும். மேற்சுமை மண் வெட்டிய குழியையே நிரப்பிக்கொண்டு வருகிறது. அதன் மேல் மரமும் பயிரும் வளர்க்கப்படுகின்றன. இறைப்பு நிற்கும் ஒரு நாள் எப்போதாவது வரும். அன்று நீர் எந்த வேகத்தில் எந்த மட்டத்துக்கு ஏறும், நிரப்பிய மண் நனைந்தால் எப்படி நிற்கும், சுற்றியுள்ள ஊர்களின் கிணற்று நீரில் சல்ஃபேட்டும் இரும்பும் எவ்வளவு கூடும் என்பன நாக்டெர்ஷ்டெட்டும் ஷ்ப்ரேடாலும் கேட்ட அதே கேள்விகள். ஒப்பிடுவதற்குரிய எண்கள் இன்றைய கிணறுகளில் இருக்கின்றன: ஊர்வாரியாக நீர்மட்டம், மின்கடத்துத்திறன், சல்ஃபேட்டு, இரும்பு, கார அமில நிலை, நிரப்பிய நிலத்தில் ஆழம்வாரியாக மண்ணின் அடர்த்தி. இவற்றை நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு ஆண்டுக்கு இருமுறை எடுத்து, அந்தந்த ஊராட்சி அலுவலகத்திலேயே தமிழில் பதிவாக வைக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து இறுதி மூடலுக்கு வரும் ஆய்வாளரிடம் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பதிவேட்டை எடுத்து நீட்ட முடிய வேண்டும். அதைப் படித்து முடிக்கும்வரை அவர் சான்றிதழில் கையெழுத்திடக் கூடாது என்று விதியில் எழுதியிருக்க வேண்டும்.